அமெரிக்காவின் முதல் முஸ்லிம் ஃபெடரல் நீதிபதி: நாம் எதைக் கொண்டாடினோம்?

2021 ஜூன் 10 அன்று அமெரிக்க செனட் சபை ஜாஹித் குரைஷி என்பவரை நியூஜெர்சி மாநிலத்துக்கான ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக உறுதி செய்தது. ஆதரவாக 81 வாக்குகள், எதிராக 16. அந்நாட்டு வரலாற்றில் ஆயுட்காலப் பதவி கொண்ட ஃபெடரல் நீதிபதி இருக்கையில் ஒரு முஸ்லிம் அமர்வது அதுவே முதல் முறை. 1789-ல் அந்நாட்டின் ஃபெடரல் நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் 232 ஆண்டுகள். செய்தி வந்ததும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மாஷா அல்லாஹ்வும் அல்ஹம்துலில்லாஹ்வும் பரிமாறிக் கொண்டோம். அவருடைய பெயரில் இருக்கும் ‘குரைஷி’யும் நம்மை இன்னும் கொஞ்சம் நெகிழ வைத்தது என்பதையும் சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே செனட் சபைக்கு முன் வேறு முஸ்லிம்களும் நீதிபதி பதவிக்காக வந்து நின்றார்கள். ஒருவர் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் கரை சேர்ந்தார். இன்னொருவருக்கு வாக்கெடுப்பே நடத்தப்படவில்லை. ஒரே சபை, ஒரே மதம், மூன்று விதமான முடிவுகள். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போவது.

முதலில் அந்தப் பதவி எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்து கொள்வோம். நம் நாட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகளை மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் பரிந்துரைக்கிறது. மக்கள் பிரதிநிதிகள் யாரும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில்லை. 62 வயதில் ஓய்வு, உச்சநீதிமன்றம் என்றால் 65. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிவார். செனட்டின் நீதித்துறைக் குழு அவரைப் பகிரங்கமாக விசாரிக்கும். பிறகு 100 பேர் கொண்ட செனட் வாக்களிக்கும். தேர்வாகிவிட்டால் ஓய்வு வயது கிடையாது. நாடாளுமன்றம் குற்றம் சாட்டிப் பதவி நீக்கினால் ஒழிய அவரை யாரும் அசைக்க முடியாது, சம்பளத்தைக்கூடக் குறைக்க முடியாது. 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 பேர் கொண்ட உச்சநீதிமன்றம் என்பது அங்குள்ள அமைப்பு. பெரும்பாலான வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை போவதே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். ஆகவே ஒரு கட்சிக்கு ஒரு நீதிபதி இருக்கை என்பது முப்பது ஆண்டு முதலீடு. அவ்வளவு கடுமையான போட்டிக்குக் காரணம் இதுதான்.

‘முதல்’ என்ற சொல் நமக்கும் புதிதல்ல. இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான, பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்த ஃபாத்திமா பீவி அவர்கள் 1989-ல் பதவியேற்றதை நம் வீடுகளில் பெருமையோடு சொல்வோம். ஆனால் அவர் எழுதிய தீர்ப்புகளில் ஒன்றையாவது சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்?

குரைஷிக்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருந்தது. 2016 செப்டம்பரில் ஒபாமா, ஆபித் குரைஷி என்ற வழக்கறிஞரை வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். பெயர் ஒத்திருந்தாலும் இவர் வேறொருவர். செனட் அப்போது குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அவருடைய பெயரை எடுத்துக்கொள்ளாமலேயே காலத்தைக் கடத்தினார்கள், 2017 ஜனவரியில் அந்த முன்மொழிவு தானாகக் காலாவதியானது.

இனி ஜாஹித் குரைஷியின் வாழ்க்கைக்கு வருவோம். 1975-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள். வளர்ந்தது நியூஜெர்சியில். தந்தை நிஸார் குரைஷி ஒரு மருத்துவர். 2020 ஏப்ரலில், நியூயார்க் பகுதியில் கோவிட் உச்சத்தில் இருந்தபோது அந்தத் தொற்றுக்கே ஆளாகி இறந்தார். மகன் இந்தப் பதவிக்கு முன்மொழியப்பட்டதை அவர் பார்க்கவில்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக் கொள்வானாக.

குரைஷி படித்த இடங்கள் ஹார்வர்டோ யேலோ அல்ல. நியூயார்க் நகரின் அரசுக் கல்லூரியான ஜான் ஜே கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம், 2000-ல் முடித்தார். ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போதுதான் 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்தது. தாடியும் தலைமறைப்பும் பெயரும் சந்தேகத்துக்குரியவையாகிவிட்ட அந்த நாட்களில் முஸ்லிம் இளைஞர்கள் பலர் ஒதுங்கி இருக்கவே பார்த்தார்கள். குரைஷி ராணுவத்தின் சட்டப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 2004-லும் 2006-லும் இராக்குக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து குடியேற்றக் கட்டுப்பாட்டுத் துறையில் அரசு வழக்கறிஞராகக் கொஞ்ச காலம் இருந்தார். அதன்பின் நியூஜெர்சியில் ஐந்து ஆண்டுகள் ஃபெடரல் அரசுத் தரப்பு வழக்கறிஞர், 2013 முதல் தனியார் நிறுவனத்தில் பங்குதாரர், 2019-ல் மாஜிஸ்திரேட் நீதிபதி. இந்த மாஜிஸ்திரேட் பதவி எட்டாண்டுத் தவணை கொண்டது, செனட்டின் ஒப்புதல் தேவையில்லாதது. 2021 மார்ச் இறுதியில் ஜோ பைடன் தன்னுடைய முதல் நீதிபதிப் பட்டியலை வெளியிட்டபோது அதில் குரைஷியின் பெயரும் இருந்தது.

அமெரிக்க முஸ்லிம்கள் எல்லாரும் இதைக் கேட்டு இனிப்பு வழங்கவில்லை. இராக் ஆக்கிரமிப்பின்போது ராணுவச் சட்ட அதிகாரியாக அவர் என்ன ஆலோசனை வழங்கினார், கைதிகள் விஷயத்தில் அவருடைய பங்கு என்ன, குடும்பங்களைப் பிரித்து நாடு கடத்தும் துறையில் அவர் ஏன் இருந்தார் என்று முஸ்லிம் சட்ட ஆர்வலர்கள் சிலர் கேட்டார்கள். எங்களைக் கலந்து கொள்ளாமல் எங்கள் பெயரில் ஒருவரை நிறுத்துகிறீர்களே என்ற வருத்தமும் இருந்தது. எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல அவை. இராக்கில் உயிரிழந்தவர்களும் நம் உம்மத்தைச் சேர்ந்தவர்கள்தானே.

இந்தச் சர்ச்சையைப் படித்தபோது மதரஸாவில் ஓதிய நமக்கு ஓர் ஆசிரியரும் மாணவரும் நினைவுக்கு வந்தார்கள். கலீஃபா மன்சூர் காஜி பதவியைக் கொடுத்தபோது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஏற்க மறுத்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். அவருடைய தலைமாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாகவே பணியாற்றினார். ஆட்சியின் கறை நம் மீது படியக் கூடாது என்று ஒருவர் விலகி நின்றார். உள்ளே போய் நீதியை நிலைநாட்ட முடியும் என்று மற்றவர் நம்பினார். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிற நம் ஊர்களில் இன்றுவரை இருவரையும் ஒரே மரியாதையோடுதான் குறிப்பிடுகிறோம். முஸ்லிம் அல்லாத அரசில் நீதிபதி பொறுப்பை ஏற்பது பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்து அரசில் நபி யூசுஃப் (அலை) அவர்கள் பொறுப்பேற்றதை ஆதாரமாகக் காட்டி அனுமதிப்பவர்களும் உண்டு. குரைஷி எந்த வகையில் சேர்கிறார் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் அவர் நடந்து வந்த பாதை, அமெரிக்க அரசு முழுமையாக நம்பிய பாதை என்பதில் சந்தேகமில்லை. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்தே 30-க்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு வாக்களித்தார்கள். ராணுவ வீரர், அரசு வழக்கறிஞர், குடியேற்றத் துறை அதிகாரி என்ற அடையாளங்கள் ‘முஸ்லிம்’ என்ற அடையாளத்துக்கு ஜாமீன் கொடுத்தன.

அப்படியும் அவரை அந்தக் கேள்வி விடவில்லை. விசாரணையின்போது குழுத் தலைவர் டிக் டர்பின், அவர் குரைஷியின் ஆதரவாளர்தான், இதைக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டே கேட்டார்: இஸ்லாமியச் சட்டத்தின் தாக்கம் உங்களிடம் இருக்கும் என்று சொல்பவர்களுக்கு உங்கள் பதில் என்ன? ஷரீஅத் சட்டம் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, தான் அரசியலமைப்புக்கு உறுதிமொழி எடுத்தவன் என்ற பொருளில் குரைஷி பதில் சொன்னார்.

இந்தப் பதில் நம்மவர்கள் பலரைப் புண்படுத்தியது. ஒரு முஸ்லிம் ஷரீஅத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லலாமா என்று கேட்டார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. ஷரீஅத் சட்டத்தை முறையாக ஓதாத ஒருவர் தெரியாது என்று சொல்வதில் பொய் இல்லை. பல ஆண்டுகள் ஓதியவர்களே ஃபத்வா கொடுக்கத் தயங்குகிற துறை அது. நமக்கு வலிப்பது அந்தக் கேள்வி. அரசுப் பதவிக்கு மதத் தகுதிச் சோதனை வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஷரீஅத்தில் தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் வாரிசுப் பங்கீடும் அடங்கும் என்பதெல்லாம் அந்த அவையில் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தச் சொல் அங்கே ஒரு பூச்சாண்டி, அவ்வளவுதான். நியாயமாகச் சொல்வதானால், இது முஸ்லிம்களுக்கு மட்டுமே நேர்ந்ததும் அல்ல. 2017-ல் ஏமி கோனி பாரட் என்ற கத்தோலிக்கப் பேராசிரியரிடம், அவர் மதக் கோட்பாடு தீர்ப்பில் குறுக்கிடாதா என்று ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவர் கேட்டார். பெரிய கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தின் பலத்திலேயே பாரட் புகழ்பெற்றார், இன்று உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் இருக்கிறார்.

குரைஷிக்கு அடுத்து வந்தவர் நுஸ்ரத் ஜஹான் சவுத்ரி. வங்கதேசப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். கொலம்பியா, பிரின்ஸ்டன், யேல் என்று படிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவர் அரசின் பக்கம் நின்று வேலை பார்த்தவர் அல்ல. சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் வழக்கறிஞர். நியூயார்க் போலீஸ் பள்ளிவாசல்களையும் முஸ்லிம் மாணவர் சங்கங்களையும் ரகசியமாக வேவு பார்த்ததை எதிர்த்த வழக்கிலும், காரணம் சொல்லாமல் விமானப் பயணத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களின் வழக்கிலும் பணியாற்றியவர். 2022 ஜனவரியில் முன்மொழியப்பட்டு, 17 மாதங்கள் காத்திருந்து, 2023 ஜூன் 15 அன்று 50-க்கு 49 என்ற கணக்கில் தேர்வானார். முதல் முஸ்லிம் பெண் ஃபெடரல் நீதிபதி. காவல்துறை அமைப்புகள் அவரைக் கடுமையாக எதிர்த்தன. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்கடுத்தவர் அதீல் மாங்கி. கராச்சியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் சட்டம் படித்து, நியூயார்க்கில் பெரிய நிறுவனங்களுக்காக வாதாடுகிற வழக்கறிஞர். கட்டணம் வாங்காமல் அவர் நடத்திய ஒரு வழக்கை நம் வாசகர்கள் எளிதில் புரிந்து கொள்வார்கள். நியூஜெர்சியில் பாஸ்கிங் ரிட்ஜ் என்ற ஊரின் முஸ்லிம்கள் ஒரு பள்ளிவாசல் கட்ட 2012-ல் அனுமதி கேட்டார்கள். நகர நிர்வாகம் 39 கூட்டங்கள் நடத்தியது. முப்பத்தொன்பது! சர்ச்சுகளுக்கு மூன்று பேருக்கு ஒரு கார் நிறுத்தம் போதும் என்றிருந்த விதி, பள்ளிவாசலுக்கு மட்டும் பொருந்தாது என்றார்கள். 50 கார் நிறுத்த வேண்டிய இடத்தில் 107 கேட்டார்கள். கார் நிறுத்தம் கூடினால் மழைநீர் வடிகால் மாற வேண்டும், வடிகால் மாறினால் வரைபடம் மாற வேண்டும். கடைசியில் அனுமதி மறுப்பு. அனுமதிக்காக அலைந்த எந்த ஜமாஅத் நிர்வாகியைக் கேட்டாலும் இந்தக் கதையின் உள்ளூர் வடிவத்தைச் சொல்வார். ஒரு வேறுபாடு, அங்கே வழக்கு போட்டார்கள். ஒரே விதியை மதத்துக்கு மதம் மாற்றுவது சட்ட விரோதம் என்று ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. 2017-ல் நகர நிர்வாகம் 32.5 லட்சம் டாலர் கொடுத்து, பள்ளிவாசலுக்கும் அனுமதி கொடுத்து வழக்கை முடித்துக் கொண்டது. பக்கத்தில் பயோன் நகரத்திலும் இதே போன்ற ஒரு பள்ளிவாசல் வழக்கை மாங்கி நடத்தி அனுமதி பெற்றுக் கொடுத்தார்.

2023 நவம்பரில் பைடன் அவரை மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். நியூஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் மாநிலங்களின் மேல்முறையீடுகள் அங்கேதான் போகும். தேர்வாகியிருந்தால் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்தான் முதல் முஸ்லிம். விசாரணை நடந்தது 2023 டிசம்பர் 13 அன்று. காஸாவில் குண்டுகள் விழுந்து கொண்டிருந்த நேரம். ரட்கர்ஸ் சட்டக் கல்லூரியின் ஓர் ஆய்வு மையத்தில் அவர் சில ஆண்டுகள் ஆலோசனைக் குழு உறுப்பினராக இருந்திருந்தார். அந்த மையம் நடத்திய ஒரு நிகழ்ச்சியில் யாரோ பேசிய பேச்சைப் பிடித்துக் கொண்டார்கள். ஹமாஸ் பற்றியும் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எந்தப் பயங்கரவாதத்தையும் கண்டிக்கிறேன் என்று அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நிகழ்ச்சிக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்ற விளக்கமும் எடுபடவில்லை. பல யூத அமைப்புகளே அவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தன என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நம்மில் சிலர் எல்லாவற்றையும் யூதச் சதி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் அது உண்மைக்கு மாறானது.

குழுவில் 11-க்கு 10 என்ற கணக்கில் பெயர் தேறியது. அதற்குப் பிறகு தடுத்தவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்ல. பைடனின் ஜனநாயகக் கட்சி அணியிலேயே நெவாடாவின் இரண்டு செனட்டர்களும் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சினும் ஆதரிக்க மறுத்தார்கள். காவல்துறையினரின் எதிர்ப்பு, வேறோர் அமைப்புடன் தொடர்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஹமாஸ் குற்றச்சாட்டு நிற்காது என்று தெரிந்ததும் புதிய காரணம் வந்தது என்று மாங்கியின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2024 நவம்பரில் இரு கட்சிகளும் பேரம் பேசிக் கொண்டன. மாவட்ட நீதிபதிகள் சிலரை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ள, நான்கு மேல்முறையீட்டு நீதிபதிகளின் பெயர்கள் கைவிடப்பட்டன. அதில் ஒன்று மாங்கி. அந்த இருக்கை காலியாகவே இருந்தது. 2025 ஜூலை 29 அன்று, டிரம்ப்பின் குற்ற வழக்குகளில் அவருக்காக வாதாடிய எமில் போவ் அதில் அமர்த்தப்பட்டார். வாக்கு 50-க்கு 49.

இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. அரசின் சீருடை அணிந்து வந்த முஸ்லிமுக்கு 81 வாக்கு. அரசை எதிர்த்து முஸ்லிம்களுக்காக வாதாடியவருக்கு 50. பள்ளிவாசலுக்காக வாதாடி, காஸா போரின் நடுவில் வந்து நின்றவருக்கு வாக்கெடுப்பே இல்லை. வேறு காரணங்களும் உண்டு. மேல்முறையீட்டு இருக்கைக்கு எப்போதும் சண்டை அதிகம். கட்சிப் பிளவும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் கொண்டே வந்தது, முஸ்லிம் அல்லாத பலரும் 50-க்கு 49-ல்தான் தேறினார்கள். மாங்கி கைவிடப்பட்ட அதே நவம்பரில் அமீர் அலி, முஸ்தஃபா கஸூப்ஹாய் என்ற இரு முஸ்லிம்கள் மாவட்ட நீதிபதிகளாகத் தேர்வானார்கள். அவர்களில் அமீர் அலியும் சிறைவாசிகளின் உரிமைக்காக வாதாடியவர்தான். ஆகவே கதவு முழுக்க மூடப்பட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் நம்முடைய பிரச்சினைக்காக ஒருவர் உழைத்த உழைப்பே அவருக்கு எதிரான சாட்சியாக மாறும் என்றால், நாளை ஒரு முஸ்லிம் சட்ட மாணவர் பள்ளிவாசல் வழக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார். மாங்கியைத் தடுத்ததால் விளைந்த பெரிய சேதம் அதுதான் என்று கருதுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது நம்மைப் பற்றியது. ‘முஸ்லிம் நீதிபதி’ என்று கேட்டதும் நாம் மகிழ்வதில், அவர் நமக்குச் சாதகமாக இருப்பார் என்ற எதிர்பார்ப்பும் ஒளிந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், செனட்டர்களின் பயமும் அதேதானே? அவர் தன் ஆட்களுக்குச் சாதகமாக இருப்பார் என்றுதான் அவர்கள் பயந்தார்கள். நாம் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

2025 மார்ச் 8 அன்று பாலஸ்தீன வம்சாவளியைச் சேர்ந்த கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் மஹ்மூத் கலீல் கைது செய்யப்பட்டது நினைவிருக்கும். நிரந்தரக் குடியுரிமை அட்டை வைத்திருந்தவர். அவர் லூசியானா மாநிலத் தடுப்பு முகாமில் இருந்தபோதுதான் அவருக்குக் குழந்தை பிறந்தது. 104 நாட்களுக்குப் பின் ஜூன் 20 அன்று அவரை விடுவிக்க உத்தரவிட்டவர் நியூஜெர்சி ஃபெடரல் நீதிபதி. குரைஷி இருக்கும் அதே நீதிமன்றம், ஆனால் குரைஷி அல்ல. மைக்கேல் ஃபார்பியர்ஸ் என்பவர். முஸ்லிம் அல்லாதவர் மட்டுமல்ல, முன்பு நியூயார்க்கில் பயங்கரவாத வழக்குகளை நடத்திய அரசுத் தரப்பு வழக்கறிஞர். 2026 ஜனவரியில் அந்த வழக்கை விசாரிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2-க்கு 1 என்ற கணக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எந்த மேல்முறையீட்டு நீதிமன்றம்? மாங்கிக்கு மறுக்கப்பட்ட அதே மூன்றாம் வட்டம். அவர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அந்த மூவர் அமர்வில் அவர் இருந்திருப்பார் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

கலீஃபா அலி (ரலி) அவர்களின் கவச வழக்கை பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். காணாமல் போன தன் கவசம் வேற்று மதத்தவர் ஒருவரிடம் இருப்பதைக் கண்ட கலீஃபா, காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் முறையிடுகிறார். சாட்சிக்குத் தன் மகனைக் கொண்டு வருகிறார். தந்தைக்கு மகன் சொல்லும் சாட்சியை ஏற்க முடியாது என்று காஜி கவசத்தை எதிர்த்தரப்புக்கே விட்டுவிடுகிறார். இந்தச் சம்பவத்தின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஆய்வாளர்களுக்குப் பேச்சு உண்டு. என்றாலும் நீதியின் இலக்கணமாக இந்தச் சமுதாயம் அதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது. ஷுரைஹை நியமித்த ஆட்சியின் தலைவரே அங்கே தோற்றுப் போகிறார். தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் உறுதியாக நிற்க வேண்டும் என்பதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் நமக்கு இடும் கட்டளை.

அந்த அளவுகோலை எடுத்துக் கொண்டு குரைஷியின் மேஜைக்குப் போனால் கையில் கிடைக்கும் தீர்ப்பு 2024 மார்ச் 29 அன்று வந்தது. அதற்கும் முஸ்லிம்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நியூஜெர்சியில் கட்சிகளின் உட்கட்சித் தேர்தலுக்கான வாக்குச்சீட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. 21 கவுண்டிகளில் 19-ல் அது நடைமுறை. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல வைத்துக் கொள்ளுங்கள். கட்சியின் உள்ளூர்த் தலைமை யாரை ஆதரிக்கிறதோ அவர்கள் எல்லாரும், மேலே பெரிய பதவியிலிருந்து கீழே சிறிய பதவி வரை, வாக்குச்சீட்டில் ஒரே நேர்க்கோட்டில் அழகாக அணிவகுத்து நிற்பார்கள். தலைமையின் ஆசி இல்லாதவர்களின் பெயர் எங்கோ ஓரத்தில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில். வாக்காளர் அந்தக் கோட்டையே பிடித்துக் கொண்டு போவார். ஆகவே ‘கோடு’ கிடைத்தவர் பெரும்பாலும் ஜெயிப்பார். கோட்டைக் கொடுக்கும் அதிகாரம் சில கட்சிப் பிரமுகர்களின் சட்டைப் பையில் இருந்தது.

அந்த ஆண்டு செனட்டர் பதவிக்கு ஆண்டி கிம் என்ற கொரிய வம்சாவளி எம்.பி. போட்டியிட்டார். எதிரே மாநில ஆளுநரின் மனைவி டாமி மர்ஃபி. பெரிய கவுண்டிகளின் கோடு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிம்மும் வேறு இரு வேட்பாளர்களும் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு குரைஷியிடம் வந்தது. விசாரணைக்கு முன்பே மாநில அட்டர்னி ஜெனரல், இந்த வழக்கத்தைச் சட்டப்படி ஆதரித்து வாதாட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்பு டாமி மர்ஃபியும் போட்டியிலிருந்து விலகினார். அத்துடன் வழக்கை ஓரங்கட்டிவிடலாம் என்றால் அதற்கும் ஒரு வழி இருந்திருக்கும். குரைஷி அப்படிச் செய்யவில்லை. அந்த வாக்குச்சீட்டு வடிவம் வேட்பாளர்களின் அரசியலமைப்பு உரிமைகளைப் பாதிக்கிறது என்று கண்டு, ஒவ்வொரு பதவிக்கும் போட்டியிடுபவர்களின் பெயர்களை ஒரே கட்டத்தில் சேர்த்து அச்சிட உத்தரவிட்டார்.

குரைஷியை முன்மொழிந்தவர் ஜனநாயகக் கட்சித் தலைவர் பைடன். ஆதரித்துக் கொண்டு வந்தவர்கள் நியூஜெர்சியின் இரு ஜனநாயகக் கட்சி செனட்டர்கள். அவர் முறித்ததோ, அதே மாநிலத்தில் அதே கட்சியின் தலைவர்கள் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த கருவியை. அந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அவருடைய மதம் ஒரு பேச்சாக நம் கண்ணில் படவில்லை. ஒரு மாதம் கழித்து, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்காக மருந்து விலையை அரசு பேரம் பேசுவதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளிலும் அவர் அந்நிறுவனங்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். அவற்றில் பெரிய நிறுவனங்கள் நியூஜெர்சியிலேயே தலைமையகம் கொண்டவை.

வாக்குச்சீட்டுத் தீர்ப்பை எதிர்த்துக் கட்சியினர் மேல்முறையீடு செய்தார்கள். ஏப்ரல் 17 அன்று மூன்றாம் வட்ட நீதிமன்றம் குரைஷியின் உத்தரவை உறுதி செய்தது. ஜூனில் ஆண்டி கிம் வென்றார், அதே ஆண்டு டிசம்பரில் செனட்டர் ஆனார். குரைஷியின் உத்தரவு அந்த ஒரு கட்சியின் அந்த ஒரு தேர்தலுக்கு மட்டுமே என்றாலும், 2025 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றமே கோட்டை ஒழித்துச் சட்டம் இயற்றியது. ஆளுநர் மர்ஃபிதான் அதில் கையெழுத்திட்டார். அந்த ஜூனில் நடந்த உட்கட்சித் தேர்தலில் இரு கட்சிகளின் வாக்காளர்களும் 21 கவுண்டிகளிலும் கோடு இல்லாத வாக்குச்சீட்டில் வாக்களித்தார்கள்.